பேர் போட்டால் குறைந்தா போய்விடும்?

துறையூரிலிருந்து திருச்சி போகும் பேருந்துகளில் இளையராஜா பாட்டு ஓடாத வண்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். புலிவலம், திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். வண்டியில் பாட்டுப் பைத்தியங்கள் ரெண்டு பேர் இருந்துவிட்டால் போதும். பல்லவி முடிந்து முதல் இடையிசை வந்ததுமே பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். "அந்த ஃப்ளூட் யாருடா?" என்பான் ஒருத்தன். "சௌராசியா" என்பான் இன்னொருத்தன். "போடா, நவீன்" என்பான் பின் சீட்டுக்காரன். கடைசியில் ஒரு பெரியவர் குறுக்கே புகுந்து தீர்ப்பு சொல்வார்: "யார் ஊதினா என்னப்பா, டியூன் போட்டது ராஜாதானே?"

எல்லோரும் அடங்கிவிடுவார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, தமிழ் சினிமா இசைத் தொழிலே பல பத்தாண்டுகளாக அந்தத் தீர்ப்பின்படிதான் நடந்து வந்திருக்கிறது என்பது.

முதலில் ஒரு நல்ல உதாரணம். 1986ல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்று ஒரு ஆல்பம் போட்டார். சினிமா கிடையாது, பாட்டு வரி கிடையாது, வெறும் வாத்தியம். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சமர்ப்பணம். அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 1988ல் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அதில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. இந்த ரெண்டு ஆல்பங்களையும் பற்றி ரசிகர்கள் பேசினால், பேச்சு பத்து நிமிஷத்தில் வாசித்தவர்களிடம் போய்விடும். நரசிம்மன் அந்த இடத்தில் கர்நாடக கமகத்தை எப்படிக் கொண்டுவந்தார், சௌராசியா வராமல் வேறு யாராவது ஊதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றெல்லாம் அலசுவார்கள். ராஜாவின் மேதைமை இதனால் ஒரு இம்மியாவது குறைந்ததா? இல்லை. கூடத்தான் செய்தது. யாருக்கு எதை எழுதினார் என்று தெரிந்ததால் எழுதியதன் அழகும் கூடுதலாகத் தெரிந்தது.

அப்படியென்றால் சினிமாப் பாட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் பேச்சு இல்லை? பேர் தெரியாததால்தான்.

இங்கே ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. விருந்தாளிக்குப் பேர் உண்டு, வீட்டு ஆளுக்குப் பேர் இல்லை. 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) நாகசுரம் காருகுறிச்சி அருணாசலம் என்று இன்றைக்கும் ஊருக்கே தெரியும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜி கையில் பிடித்த நாகசுரத்துக்குப் பின்னால் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இருந்தார்கள் என்பதும் தெரியும். 'டூயட்' (1994) என்றால் சாக்ஸபோன், சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத். இவர்களெல்லாம் வெளியிலே பெரிய பேர் எடுத்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர்கள். பேர் கூடவே வந்தது.

வீட்டு ஆட்கள் கதை வேறு. எம்.எஸ்.வி. குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, கிடார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட். ராஜா குழுவில் கிடார் சதானந்தம், பேஸ் கிடார் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் சுதாகர். இவர்கள் வாசித்ததைக் கேட்காத தமிழன் இல்லை. இவர்கள் பேரைக் கேட்ட தமிழன் ஆயிரத்தில் ஒருத்தன் இருந்தால் அதிசயம்.

இதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அருண்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா இசையில் ஜானகியோடெல்லாம் டூயட் பாடியவர். கேசட் உறையில் அவர் பேர் இருக்கும், அதனால் ரசிகனுக்கு அவரைத் தெரியும். அதே மனிதர்தான் ராஜா குழுவில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன். அதே ஆள், அதே ஸ்டூடியோ, அதே மைக், அதே மூச்சு. வாயால் பாடினால் பேர் அச்சாகிறது. அதே வாயால் ஊதினால் அச்சாவதில்லை. இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? ('ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலேயே 'இஸ் இட் ஃபேர்?' என்று ஒரு இசைத்துண்டு இருக்கிறது. கேள்வியை ராஜாவே போட்டு வைத்திருக்கிறார்!)

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் போல்கா என்று ஒரு நடன இசை உண்டு. பொஹீமியாவில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்து, குடியேறியவர்களோடு கப்பலேறிப் போனது. அக்கார்டியன், கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் துள்ளிக்கொண்டு வரும். கிராமியில் 1986 முதல் 2009 வரை போல்காவுக்குத் தனி விருதே கொடுத்தார்கள். அதில் ஜிம்மி ஸ்டர் என்ற குழுத்தலைவர் மட்டும் 18 முறை வாங்கினார். அவருடைய ஆல்பங்களில் வில்லி நெல்சன் மாதிரி கன்ட்ரி இசை நட்சத்திரங்கள் விருந்தாளியாக வந்து பாடியிருக்கிறார்கள். பேச்சு வந்தால் முதலில் அடிபடுவது நெல்சன் பேர்தான். ஆல்பம் முழுக்க மூச்சைக் கொடுத்து ஊதிய டிரம்பெட்காரர் பேர் வரிசையில் கடைசி. விருந்தாளி மோகம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் அங்கே உறையைத் திருப்பினால் அந்த டிரம்பெட்காரர் பேரைத் தேடிப் படிக்கவாவது வழி உண்டு. இங்கே திருப்பிப் பார்க்கவும் ஒன்றும் இருந்ததில்லை.

சரி, பேர் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "ஒவ்வொரு நோட்டும் இசையமைப்பாளர் எழுதியது. வாசிப்பவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார், அவ்வளவுதான்." ராஜா விஷயத்தில் முதல் பாதி உண்மைதான். முழு ஸ்கோரும் எழுதிக் கொடுப்பவர் அவர். ஆனால் தாள்தான் எல்லாம் என்றால் 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்துக்கு சௌராசியா எதற்கு? தாளைப் படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் போதுமே! ராஜாவுக்கே தெரியும், போதாது என்று. எழுதின நோட்டுக்கும் காதில் விழும் சத்தத்துக்கும் நடுவே ஒரு மனிதர் இருக்கிறார். அவருடைய உதடு, விரல், முப்பது வருஷப் பழக்கம் எல்லாம் இருக்கிறது. மேலும், பாடகரும்தான் சொல்லிக்கொடுத்த மெட்டைப் பாடுகிறார். அவர் பேரை ஏன் போடுகிறீர்கள்?

இரண்டாம் வாதம்: "கால்ஷீட்டுக்குக் காசு வாங்கினார்கள், கணக்கு முடிந்தது." அந்தக் காசே சும்மா வரவில்லை. சென்னையில் சினிமா இசைக்கலைஞர்களைத் திரட்டி சங்கம் கட்ட எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் மெனக்கெட வேண்டியிருந்தது. அவரும் ஒரு இசையமைப்பாளர்தான் என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்று, கூலி வேறு, பேர் வேறு. கேமராமேன் சம்பளம் வாங்குகிறார், எடிட்டர் வாங்குகிறார், ஸ்டண்ட் மாஸ்டர் வாங்குகிறார். சம்பளம் கொடுத்தாச்சே என்று யாரும் அவர்கள் பேரை டைட்டிலில் இருந்து தூக்குவதில்லை.

மூன்றாம் வாதம்: "நாற்பது வயலின், பத்து செல்லோ... எத்தனை பேரைப் போடுவது?" இன்றைக்கு ஒரு படத்தின் கடைசியில் கிராஃபிக்ஸ் செய்தவர்கள் பேர் மட்டும் அஞ்சு நிமிஷம் ஓடுகிறது. அதில் இல்லாத இட நெருக்கடி வயலினுக்கு மட்டும் எப்படி வந்தது? கேசட் உறை சின்னது, ஒத்துக்கொள்ளலாம். இப்போது பாட்டு போனில் ஓடுகிறது. அங்கே காகிதச் செலவும் இல்லை, அச்சுக்கூலியும் இல்லை. ஆனாலும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

நான்காம் வாதம்தான் பேருந்துப் பெரியவருடையது: "யாருக்கு வேணும்?" யாருக்கு வேண்டும் என்பதை ஊருக்குள்ளேயே பார்க்கலாம். கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு கச்சேரி நடக்கும்போது நடுவில் ஒரு அறிமுகம் நடக்கும். "கீபோர்டில் இன்னார்... தபேலாவில் இன்னார்... ரிதம் பேடில் இன்னார்..." என்று ஒவ்வொரு பேராகச் சொல்ல, அவரவர் ஒரு நிமிஷம் வாசித்துக் காட்டுவார்கள். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் கை தட்டும். டியூப் லைட் கட்டின மேடையில் இருக்கும் இந்த மரியாதை, கோடிக்கணக்கில் புரளும் தொழிலில் இல்லை.

திருச்சி வானொலியையும் சொல்ல வேண்டும். 1939 மே 16ல் தொடங்கிய நிலையம். கர்நாடக இசைக் கச்சேரி ஒலிபரப்பினால் வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று அறிவிப்பு வரும். அதே நிலையத்தில் அடுத்து சினிமாப் பாட்டு வந்தால் படம், பாடியவர், இசை, பாடலாசிரியர் என்பதோடு அறிவிப்பு முடிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் சபா கச்சேரி என்றால் நோட்டீஸிலேயே பக்கவாத்தியம் அச்சாகியிருக்கும். (அங்கேயும் தம்புரா போடுபவர் பேரைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அது தனிச் சண்டை.) கச்சேரியில் பேர் கேட்டுப் பழகின அதே காதுகள்தான் சினிமாப் பாட்டில் கேட்காமல் விட்டன. ரசிகனுக்கு ஆர்வம் இல்லை என்பது சுத்தப் பொய். சொன்னால் கேட்டுக்கொள்வான். யாரும் சொன்னதில்லை.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் துள்ளிக் குதிக்கும். "அதான் ரஹ்மான் கேசட்டில் வாசித்தவர்கள் பேரைப் போட்டாரே, உங்க ராஜா ஏன் போடலை?" ஆக, இதையும் ராஜா-ரஹ்மான் சண்டைக்கு ஒரு கல்லாக எடுத்துக்கொள்வார்கள். ரஹ்மான் செய்தது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. 'பம்பாய்' (1995) படத்தின் தீம் இசையில் புல்லாங்குழல் நவீன் என்று பள்ளிக்கூடப் பையனுக்குக் கூடத் தெரிந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். ஆனால் பேர் போடாதது ராஜா கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எம்.எஸ்.வி. காலத்திலும், அதற்கு முன்னாலும் அப்படித்தான். இந்தி சினிமாவிலும் அப்படித்தான்.

அதோடு ரெண்டு கட்சி ரசிகர்களும் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. 'அன்னக்கிளி'க்கு (1976) முன்னால் ராஜா யார்? சலீல் சௌத்ரிக்கு கிடார் வாசித்தவர், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். 'ரோஜா'வுக்கு (1992) முன்னால் ரஹ்மான் யார்? எம்.எஸ்.வி., ராஜா குழுக்களில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற பையன். நீங்கள் கொடி பிடிக்கும் ரெண்டு தலைவர்களும் பேர் அச்சாகாத வாத்தியக்காரர்களாகத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். அவர்கள் அன்றைக்கு எந்தெந்தப் பாட்டில் வாசித்தார்கள் என்ற முழுக் கணக்கை எந்த உறையிலும் பார்க்க முடியாது.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. 2005ல் ராஜாவின் 'திருவாசகம்' வந்தபோது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது என்பது பெருமையாகச் சொல்லப்பட்டது. 2025 மார்ச் 8ல் லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பேர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வரட்டும், வரவேண்டியதுதான். ஆனால் ஹங்கேரிக்காரர் வாசித்தால் அது செய்தி, வடபழனிக்காரர் வாசித்தால் அது வெறும் பின்னணியா?

இதுவரை சொன்னதெல்லாம் மரியாதை சம்பந்தப்பட்டது. இனி வருவது வயிறு சம்பந்தப்பட்டது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துநர்' என்று ஒரு சொல் உண்டு. பாடகர், வாத்தியக்காரர், நடிகர் எல்லோரும் அதில் அடக்கம். 1994 திருத்தம் இவர்களுடைய உரிமையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2012 திருத்தம் ஒரு படி மேலே போய், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறவும், "இதை வாசித்தது நான்தான்" என்று அடையாளம் காட்டப்படவும் உரிமை கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே திருத்தம் சினிமாவுக்கு ஒரு விதிவிலக்கும் வைத்தது. படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பேர் குறிப்பிடப்படவில்லை என்றால் அவர் நிகழ்த்துநரே அல்ல. அவர் வாசித்ததை யாராவது சிதைத்தால் தட்டிக்கேட்கலாம், அது மட்டும்தான் மிச்சம்.

மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். பேர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை நிகழ்த்துநருக்கு உண்டு. ஆனால் பேர் போடாமல் விட்டால், அவர் நிகழ்த்துநரே இல்லை என்று வாதாட எதிராளிக்கு வசதி கிடைத்துவிடுகிறது. பாட்டையே தூக்கி நிறுத்தும் ஒரு புல்லாங்குழல் தனி வாசிப்பு 'தற்செயலானது' இல்லை என்று எதிர்வாதம் செய்யலாம்தான். ஆனால் அதற்கு முன்னால், ஊதியது தான்தான் என்று நிரூபிக்க வேண்டுமே! எதை வைத்து நிரூபிப்பார்? உறையில் பேர் இல்லை, டைட்டிலில் பேர் இல்லை. பேர் என்பது அலங்காரம் இல்லை என்பது இங்கேதான் புரியும். அது ரேஷன் கார்டு மாதிரி. அதில் இல்லையென்றால் கடையில் அரிசி இல்லை.

2013ல் பாடகர்கள் தங்களுக்கென்று ஒரு உரிமைச் சங்கத்தைப் பதிவு செய்து ராயல்டி வசூலில் இறங்கினார்கள். பிறகு அந்தச் சங்கத்தின் பேரிலேயே இசைக்கலைஞர்களும் சேர்ந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் பணத்தைப் பங்கு பிரிக்க எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்ற பட்டியல் வேண்டும். பாடகர் பட்டியல் ஒவ்வொரு உறையிலும் இருக்கிறது. வாத்தியக்காரர் பட்டியல் எங்கே இருக்கிறது? சம்பந்தப்பட்டவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. ஞாபகத்துக்கு வயசாகிக்கொண்டே இருக்கிறது.

2017 மார்ச்சில், தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி.பி.க்கு ராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அப்போது தமிழ்நாடே ரெண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. பாட்டு எழுதினவருக்கா, மெட்டுப் போட்டவருக்கா, பாடினவருக்கா, தயாரிப்பாளருக்கா என்று டீக்கடையில் கூட விவாதம். வயலின் வாசித்தவருக்கு என்ன என்று கேட்ட குரல் அந்தச் சத்தத்தில் எங்கேயும் எடுபடவில்லை.

இப்போது ரசிகர்களிடம் வருவோம், அவர்களையும் சும்மா விட முடியாது. "யார் வாசித்தது?" என்று சண்டை போடும் கூட்டம்தான் இன்றைக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை. ஆனால் அந்தச் சண்டை பெரும்பாலும் ஊகத்தில்தான் நடக்கிறது. புல்லாங்குழல் நன்றாக இருந்தால் சௌராசியா, சாக்ஸபோன் கேட்டால் கத்ரி என்று எழுதிவிடுகிறார்கள். பத்து பேர் எழுதினால் பதினோராவது ஆளுக்கு அது வரலாறு. இதனால் என்ன ஆகிறது? பேர் இல்லாத வீட்டு ஆளின் கடைசிச் சொத்தும் ஏற்கெனவே பேர் உள்ள விருந்தாளிக்குப் போய்ச் சேருகிறது. கம்பெனி பேர் போடாமல் விட்டது அலட்சியம். ரசிகன் தப்பான பேரைப் போடுவது அதைவிட மோசம். வெற்று இடத்தை என்றைக்காவது நிரப்பலாம், தப்பாக நிரப்பினதை அழிப்பது கஷ்டம்.

ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு கதை இருக்கிறது. டெட்ராய்டில் மோடவுன் என்ற இசைக் கம்பெனி. 1960களில் ஹிட் மேல் ஹிட். எல்லாவற்றுக்கும் பின்னால் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற ஒரே வாத்தியக் குழு. பேர் வெளியே வரவே இல்லை. 1971ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அவர்களுக்கு முறையாகப் பேர் கிடைத்தது. அந்தக் குழுவின் பேஸ் கிடார்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1983ல் இறந்துபோனார். அவருடைய வாசிப்பில் மயங்கிய ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிடார்காரர், குடும்பத்தையும் கூட வாசித்தவர்களையும் தேடிப்போய்ப் பேசி 1989ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அது 2002ல் ஆவணப்படமாக வந்தது. 2004ல் ஃபங்க் பிரதர்ஸுக்குக் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது. மும்பை ஸ்டூடியோ வாத்தியக்காரர்களையும் இப்படித் தேடிப் பேட்டி எடுத்து 2008ல் கிரிகரி பூத் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பெரிய புத்தகம் போட்டார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மும்பைக்காகச் செய்ததை, கோடம்பாக்கத்துக்காக இங்கே இருக்கும் ரசிகர்கள் செய்ய முடியாதா?

அதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். மூன்று ஒழுங்கு போதும். ஒன்று, வாசித்தவரோ, அந்த ஒலிப்பதிவில் கூட இருந்தவரோ சொன்னால் மட்டும் பேரை எழுதுவது. இரண்டு, எப்போது யார் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுவது. மூன்று, ஊகம் என்றால் ஊகம் என்றே போடுவது. கேட்க வேண்டிய ஆட்கள் சென்னையில்தான் இருக்கிறார்கள் என்றும் இல்லை. கொஞ்ச காலம் ஸ்டூடியோவில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர் யாராவது பக்கத்துத் தெருவிலேயே மெல்லிசைக் குழுவில் இருக்கலாம். அவரிடமிருந்து தொடங்கலாம்.

இசையமைப்பாளர்களும் இசைக் கம்பெனிகளும் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். ஒலிப்பதிவு அன்றைக்கு வருகைப் பதிவு இருக்கும், சம்பளக் கணக்கு இருக்கும். அதை அப்படியே தட்டச்சு செய்து பாட்டோடு ஏற்றினால் முடிந்தது. புதுப் பாட்டுக்கு நாளையிலிருந்தே செய்யலாம். பழைய பாட்டுக்கு, வாசித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுச் செய்யலாம். சட்டம் வருவதற்கு முன்னால் வாசித்தவர்களுக்குப் பணம் வருமா என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். பேர் போட எந்தக் கோர்ட்டும் போக வேண்டியதில்லை.

அந்தப் பேருந்துப் பெரியவருக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. டியூன் போட்டது ராஜாதான் ஐயா, யாரும் மறுக்கவில்லை. ஊதினது யார் என்றுதான் பையன் கேட்கிறான்.